மேற்பூச்சு ஆண்பால் இயக்குநீர்த் தடுப்பிகள்

மேற்பூச்சு ஆண்பால் இயக்குநீர்த் தடுப்பிகள் என்பவை, ஆண்பால் இயக்குநீர்களின் செயற்பாட்டைத் தோலின் ஒரு குறிப்பிட்ட பகுதியில் மட்டும் தடுக்கும் நோக்குடன் தோல்மீது பூசப்படும் மருந்துகள் ஆகும். ஹார்மோன் என்று பரவலாக அறியப்படுவதே இங்கு இயக்குநீர் எனப்படுகின்றது. முகப்பரு, ஆண்வகை வழுக்கை, பெண்களின் முகத்தில் தோன்றும் மிகை முடி வளர்ச்சி ஆகிய மூன்றுமே இம்மருந்துகள் சோதிக்கப்பட்ட முதன்மையான தோல் நிலைகளாகும்.

பிற மேற்பூச்சு மருந்துகளின் சோதனையில் "பயன் தருகின்றதா?" என்ற கேள்வியே முதன்மை பெறுகின்றது. இவ்வகை மருந்துகளிலோ "பூசிய இடத்திலேயே தங்குகின்றதா?" என்ற கேள்வியும் அதற்கு இணையான இடத்தைப் பெறுகின்றது. மருந்து குருதியில் கலந்து உடல் முழுவதும் இயக்குநீரைத் தடுக்குமாயின், அதனை மாத்திரையாக விழுங்காமல் தோலில் பூசுவதன் நோக்கமே நிறைவேறாது போகும்.

தோலும் ஆண்பால் இயக்குநீர்களும்

டெஸ்டோஸ்டிரோன் முதலிய ஆண்பால் இயக்குநீர்கள் ஆண், பெண் இருபாலரிடத்தும் சுரக்கின்றன. ஆண்களில் பெரும்பகுதி விந்தகங்களில் உருவாகின்றது. பெண்களில் சூலகங்களும் அண்ணீரகச் சுரப்பிகளும் சிறிய அளவில் இவற்றைச் சுரக்கின்றன. தோல் இவற்றை ஏற்றுக்கொள்ளும் உறுப்பு மட்டுமன்று. இவற்றை மாற்றியமைக்கும் உறுப்புமாகும். தோலிலுள்ள 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்னும் நொதி, டெஸ்டோஸ்டிரோனை அதனினும் வலிமை மிக்க டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றுகின்றது.

இந்நொதியின் முதல் வகை எண்ணெய்ச் சுரப்பிகளிலும், இரண்டாம் வகை தலையின் மயிர்க்கால்களிலும் மிகுதியாகக் காணப்படுகின்றது. எண்ணெய்ச் சுரப்பிகள் தூண்டப்படும்போது தோலில் எண்ணெய்ப் பசை கூடி முகப்பரு உருவாக வாய்ப்பு ஏற்படுகின்றது. அதே இயக்குநீர் முகத்தில் மெல்லிய மயிரைத் தடித்த மயிராகவும், மரபுவழி இயல்பு உடையவர்களின் உச்சந்தலையில் தடித்த மயிரை மெல்லிய மயிராகவும் மாற்றுகின்றது. ஒரே பொருள் இரு இடங்களில் எதிரெதிர் விளைவைத் தருவதால், ஓரிடத்தில் பெற்ற சோதனை முடிவை மற்றோரிடத்துக்கு அப்படியே பொருத்த இயலாது.

செயற்படும் முறை

இம்மருந்துகளை இரு வகையாகப் பிரிக்கலாம்.

1. ஏற்பித் தடுப்பிகள். இயக்குநீர் சென்று பொருந்த வேண்டிய ஏற்பியில் இவை முன்னதாகவே பொருந்தி இடத்தை அடைத்துக்கொள்கின்றன. கிளாஸ்கோடெரோன், ஸ்பைரோனோலாக்டோன் ஆகியவை இவ்வகையின.

2. நொதித் தடுப்பிகள். இவை டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் உருவாவதைத் தடுக்கின்றன. ஃபினாஸ்டெரைடு இவ்வகையைச் சேர்ந்தது. இது பெரும்பாலும் இரண்டாம் வகை நொதியையே தடுப்பதால் வழுக்கைக்குப் பயன்பட்டாலும் முகப்பருவுக்கு ஏற்ற மருந்தாக அமையவில்லை.

வரலாறு

ஆண்பால் இயக்குநீர் பற்றிய ஆய்வு கோழியின் கொண்டையில் தொடங்கியது எனலாம். செருமனியின் கோட்டிங்கன் நகரில் 1849 ஆம் ஆண்டில் அர்னால்டு பெர்த்தோல்டு என்பவர், விந்தகம் நீக்கப்பட்ட சேவல்களின் கொண்டை வளராமல் போவதையும், விந்தகத்தை உடலின் வேறோரிடத்தில் மீண்டும் பொருத்தினால் கொண்டை வளர்வதையும் காட்டினார். கொண்டை என்பது தோலாலான உறுப்பே. 1930களில் ஒரு சாற்றில் ஆண்பால் இயக்குநீர் எவ்வளவு உள்ளது என்பதை அளக்க, காயடிக்கப்பட்ட சேவலின் கொண்டை வளர்ச்சியே அளவுகோலாக இருந்தது. பின்னாளில் இயக்குநீரையும் அதன் தடுப்பியையும் குஞ்சின் கொண்டையில் நேரடியாகப் பூசி ஒப்பிடும் முறையும் உருவானது. முட்டைக் கோழிப் பண்ணைகளுக்குப் பெயர்பெற்ற நாமக்கல் வட்டாரத்தில் சேவலுக்கும் பெட்டைக்கும் கொண்டையில் காணப்படும் வேறுபாட்டை அறியாதவர் இலர். அவ்வேறுபாடே இம்மருந்துகளின் தொடக்ககாலச் சோதனைக்கு அடிப்படையாயிற்று.

மனிதரில், பருவமடையும் முன் விந்தகம் இழந்த ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதையும், அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் அளித்தபோது மரபுவழி இயல்பு உடையோருக்கு வழுக்கை தோன்றியதையும் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942 ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1974 ஆம் ஆண்டில் டொமினிக்கன் குடியரசில் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் குறைபாட்டுடன் பிறந்தவர்களைப் பற்றிய ஆய்வு வெளியானது. அதன் வழியே உருவான ஃபினாஸ்டெரைடு மாத்திரை 1992 இல் முன்னிற்குஞ்சுரப்பி வீக்கத்துக்கும், 1997 இல் ஆண்வகை வழுக்கைக்கும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

மாத்திரைகள் உடல் முழுவதும் செயற்படுவதால், ஏற்பித் தடுப்பிகளை ஆண்களுக்கு முகப்பருவுக்காக வழங்க இயலவில்லை; மார்பக வீக்கம், பாலுறவு நாட்டக் குறைவு முதலியன ஏற்படக்கூடும். கருவுற்ற பெண்கள் உட்கொண்டால் ஆண் கருவின் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படக்கூடும். எனவே பூசும் வடிவம் தேடப்பட்டது. இனோகோடெரோன் அசிட்டேட்டு என்னும் கரைசல் முகப்பருவுக்காக மனிதரில் சோதிக்கப்பட்டு அதன் முடிவு 1992 இல் வெளிவந்தது. பயன் சிறிதளவே இருந்ததால் அது சந்தைக்கு வரவில்லை. பூசும் மருந்து ஒன்று ஒப்புதல் பெற அதன்பின் 28 ஆண்டுகள் ஆயின.

சோதனை முறை

விலங்குகளில் சோதனை

ஆம்ஸ்டர் என்னும் கொறித்துண்ணியின் இரு விலாப்புறங்களிலும் ஆண்பால் இயக்குநீரைச் சார்ந்து வளரும் எண்ணெய்ச் சுரப்பித் திட்டுகள் உள்ளன. ஒரு பக்கத் திட்டில் மட்டும் மருந்தைப் பூசி, சில வாரங்களுக்குப் பின் இரு பக்கங்களையும் ஒப்பிடுவர். பூசிய பக்கம் மட்டும் சுருங்கினால் மருந்து அங்கேயே செயற்படுகின்றது என்று பொருள். பூசாத பக்கமும் சுருங்கினால் மருந்து குருதி வழியே பரவியுள்ளது என்று பொருள். மேற்கூறிய இரு கேள்விகளுக்கும் ஒரே விலங்கில் விடை தருவதால் இச்சோதனை நெடுங்காலம் பயன்படுத்தப்பட்டது. எனினும், ஆம்ஸ்டரின் தோலும் மனிதத் தோலும் மருந்தை உறிஞ்சும் அளவில் வேறுபடுவதால், இதில் வெற்றி பெற்ற மருந்து மனிதரிலும் வெற்றி பெறும் என்று கொள்ள இயலாது.

மனிதர்களில் சோதனை

முதற்கட்டத்தில் சிலருக்கு மருந்தைப் பூசிக் குருதியில் அதன் அளவும் தோல் எரிச்சலும் நோக்கப்படுகின்றன. இரண்டாம் கட்டத்தில் தகுந்த செறிவும் ஒரு நாளில் பூச வேண்டிய முறைகளும் கண்டறியப்படுகின்றன. மூன்றாம் கட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்படுகின்றனர். ஒரு குழுவுக்கு மருந்து கலந்த களிம்பும், மறு குழுவுக்கு அதே நிறமும் மணமும் கொண்ட, மருந்து கலவாத களிம்பும் வழங்கப்படுகின்றன. எவருக்கு எது வழங்கப்பட்டது என்பது பங்கேற்பாளருக்கும் மருத்துவருக்கும் தெரியாதவாறு மறைக்கப்படுகின்றது.

மருந்து கலவாத களிம்புக் குழு இன்றியமையாதது. முகப்பரு தானாகவே கூடியும் குறைந்தும் வருவது. நாள்தோறும் முகம் கழுவுவதும், ஈரப்பதம் தரும் களிம்பைப் பூசுவதும் கூட ஓரளவு முன்னேற்றம் தரும். ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வில் இம்முன்னேற்றம் முழுவதும் மருந்தின் பெயரிலேயே எழுதப்பட்டுவிடும்.

அளவீடுகள்

முகப்பருவில் சீழ்க்கட்டிகளும் கருமுனைப் பருக்களும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. முகத்தின் ஒட்டுமொத்த நிலை 0 முதல் 4 வரையிலான படிநிலையில் மதிப்பிடப்படுகின்றது. குறைந்தது இரண்டு படிகள் இறங்கி, 0 அல்லது 1 என்ற நிலையை அடைவதே வெற்றி எனக் கொள்ளப்படுகின்றது. வழுக்கையில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலுள்ள மயிர்கள் பெரிதாக்கப்பட்ட ஒளிப்படத்தில் எண்ணப்படுகின்றன. பெண்களின் மிகை முடி வளர்ச்சிக்கு 1961 இல் வெளியான ஃபெரிமன்-கால்வே அளவுகோல் பயன்படுகின்றது.

கிளாஸ்கோடெரோன்

கிளாஸ்கோடெரோன் 1% களிம்பு 2020 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெற்றது. 12 அகவையும் அதற்கு மேலும் உள்ள இருபாலருக்கும் முகப்பருவுக்காக அங்கு ஒப்புதல் பெற்ற முதல் மேற்பூச்சு ஆண்பால் இயக்குநீர் ஏற்பித் தடுப்பி இதுவே.

ஒரே வடிவிலான இரண்டு மூன்றாம் கட்ட ஆய்வுகளில் மொத்தம் 1,440 பேர் பங்கேற்றனர். நாளொன்றுக்கு இருமுறை வீதம் 12 வாரங்கள் பூசப்பட்டது. முடிவுகள் பின்வருமாறு:

முதல் ஆய்வு (708 பேர்): மருந்துக் குழுவில் வெற்றி 18.4%, மருந்தற்ற களிம்புக் குழுவில் 9.0%.
இரண்டாம் ஆய்வு (732 பேர்): மருந்துக் குழுவில் வெற்றி 20.3%, மருந்தற்ற களிம்புக் குழுவில் 6.5%.

இவ்வெண்களை இரு வகையாகப் படிக்கலாம். மருந்தின் பயன் தற்செயலானதன்று என்பது இரண்டு ஆய்வுகளிலும் உறுதியாயிற்று. அதே வேளையில், வெற்றி இலக்கை மருந்தின் காரணமாகவே எட்டும் ஒரு கூடுதல் நபரைப் பெற, முதல் ஆய்வின்படி ஏறத்தாழ 11 பேருக்கும், இரண்டாம் ஆய்வின்படி ஏறத்தாழ 7 பேருக்கும் 12 வாரங்கள் மருந்து பூசப்பட வேண்டும். மருந்துக் குழுவிலும் ஐந்தில் நால்வர் அளவில் அவ்விலக்கை அக்காலத்துக்குள் எட்டவில்லை.

இரண்டாவது கேள்விக்கான விடை தனியொரு ஆய்வில் தேடப்பட்டது. இம்மருந்து தோலிலும் குருதியிலும் கோர்டெக்சொலோன் என்னும் பொருளாகச் சிதைவுறுகின்றது. அண்ணீரகச் சுரப்பியின் இயல்பான செயற்பாடு இதனால் அடங்கிப் போகுமா என்பதை அறிய, 42 பேருக்கு மிகுந்த அளவில் இரு வாரங்கள் பூசப்பட்டது. பெரியவர் 20 பேரில் ஒருவருக்கும், வளரிளம் பருவத்தினர் 22 பேரில் இருவருக்கும் அச்செயற்பாடு அடங்கியது கண்டறியப்பட்டது. பூசுவதை நிறுத்தி நான்கு வாரங்களில் மூவரும் இயல்பு நிலைக்குத் திரும்பினர். பூசும் மருந்தாயினும் அளவும் பரப்பும் கூடினால் உடலுக்குள் செல்லும் என்பதை இது காட்டுகின்றது. இம்மருந்தின் செறிவு கூடிய கரைசல் ஆண்வகை வழுக்கைக்காகவும் மூன்றாம் கட்ட ஆய்வுகளில் சோதிக்கப்பட்டது.

மேற்பூச்சு ஃபினாஸ்டெரைடு

ஃபினாஸ்டெரைடு 0.25% தெளிப்புக் கரைசலைப் பற்றிய 24 வார மூன்றாம் கட்ட ஆய்வு 2022 ஆம் ஆண்டில் இதழ் வடிவில் வெளிவந்தது. 458 ஆண்கள் கரைசல், மருந்துப்போலி, 1 மில்லிகிராம் மாத்திரை ஆகிய மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு சதுர சென்டிமீட்டரில் கரைசல் குழுவினர் சராசரியாக 20.2 மயிர்களும், மருந்துப்போலிக் குழுவினர் 6.7 மயிர்களும் கூடுதலாகப் பெற்றனர். குருதியில் மருந்தின் உச்ச அளவு மாத்திரைக் குழுவைவிட நூறு மடங்குக்கு மேல் குறைவாக இருந்தது. ஆயினும் குருதியின் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் அளவு கரைசல் குழுவில் 34.5% குறைந்தது, மாத்திரைக் குழுவில் 55.6% குறைந்தது. குருதியில் மருந்து மிகக் குறைவாக இருப்பினும் அதன் விளைவு அதே விகிதத்தில் குறைவதில்லை என்பது இதன் பொருள்.

இந்தியாவில் ஃபினாஸ்டெரைடும் மினாக்ஸிடிலும் கலந்த தலைக் கரைசல்கள் விற்பனையில் உள்ளன. பெங்களூருவில் செய்யப்பட்டு 2015 இல் வெளியான ஆய்வு ஒன்று, மாத்திரையிலிருந்து இத்தகைய கரைசலுக்கு மாறியவர்களின் மயிர் அடர்த்தி பெரும்பாலும் தக்கவைக்கப்பட்டதாகக் கூறியது. எனினும் அது பழைய பதிவேடுகளை வைத்துச் செய்யப்பட்ட, ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வாகும். 2025 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், மருந்தகங்களில் கலந்து விற்கப்படும் மேற்பூச்சு ஃபினாஸ்டெரைடு தொடர்பாக 2019 முதல் 2024 வரை தனக்கு வந்த 32 பக்கவிளைவு அறிக்கைகளைச் சுட்டி எச்சரிக்கை வெளியிட்டது.

மஞ்சளும் ஆண்பால் இயக்குநீரும்

சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்கள் மஞ்சள் விளைச்சலுக்கும் வணிகத்துக்கும் பெயர் பெற்றவை. நாமக்கல் மாவட்டத்தின் நாமகிரிப்பேட்டை, திருச்செங்கோடு ஆகிய ஊர்களில் மஞ்சள் ஏலம் நடைபெறுகின்றது. பெண்கள் முகத்தில் மஞ்சள் பூசிக் குளிப்பது முகத்தில் முடி வளர்வதைத் தடுக்கும் என்ற நம்பிக்கை தமிழகத்தில் நெடுங்காலமாக உள்ளது. இந்நம்பிக்கையை ஒட்டிய ஆய்வுகள் சில நடைபெற்றுள்ளன.

மஞ்சளின் பேரினத்தைச் சேர்ந்த குர்குமா ஏருஜினோசா என்னும் செடியின் கிழங்கிலுள்ள சில வேதிப்பொருள்கள் 5-ஆல்ஃபா ரிடக்டேஸைத் தடுப்பதாகத் தாய்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். 2012 இல் வெளியான ஆய்வில் வழுக்கை உடைய 87 ஆண்கள், கிழங்குச் சாறு, மினாக்ஸிடில், இரண்டின் கலவை, மருந்துப்போலி என நான்கு குழுக்களாகச் சோதிக்கப்பட்டனர். கலவைக் குழுவில் நல்ல பயன் காணப்பட்டது. 2017 இல் வெளியான மற்றோர் ஆய்வு, இக்கிழங்கின் எண்ணெய் அக்குள் முடியின் வளர்ச்சியை மெதுவாக்குவதாகக் கூறியது. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினை மாற்றியமைத்து உருவாக்கப்பட்ட ஏ.எஸ்.சி-ஜே9 என்னும் பொருள், ஆண்பால் இயக்குநீர் ஏற்பியையே சிதைக்கும் தன்மையுடையதாக அமெரிக்காவில் ஆராயப்பட்டது.

இம்முடிவுகளைச் சமையல் மஞ்சளுக்கோ கஸ்தூரி மஞ்சளுக்கோ பொருத்துவது பிழையாகும். சோதிக்கப்பட்டது வேறு இனச் செடி. அதுவும் செறிவூட்டப்பட்ட சாறு அல்லது எண்ணெய். மேலும் மஞ்சள் சிலருக்குத் தொடுகை ஒவ்வாமையை உண்டாக்கும். நம்பிக்கையும் ஆய்வகச் சோதனையும் ஒரே திசையைக் காட்டினாலும், ஒப்பீட்டுக் குழுவுடன் கூடிய மனித ஆய்வே முடிவு சொல்லத் தக்கது.

இந்தியாவில் சட்ட விதிகள்

இந்தியாவில் மனிதர்களில் செய்யப்படும் மருந்துச் சோதனைகள், 2019 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெளியான புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளுக்கு உட்பட்டவை. இவற்றின் முக்கிய கூறுகள்:

புதிய மருந்தின் சோதனைக்கு மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும்.
நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். சோதனை நிகழும் இடத்தில் அத்தகைய குழு இல்லையெனில், அதே நகரிலோ 50 கிலோமீட்டர் சுற்றளவிலோ உள்ள குழுவின் ஒப்புதலைப் பெறலாம்.
முதல் பங்கேற்பாளர் சேர்க்கப்படும் முன்பே இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிய வேண்டும். 2007 இல் தொடங்கிய இப்பதிவேடு 2009 முதல் கட்டாயமாக்கப்பட்டது. இதனைப் பொதுமக்கள் எவரும் இணையத்தில் பார்க்கலாம்.
பங்கேற்பாளருக்குப் புரியும் மொழியில் விளக்கம் அளித்து எழுத்து வடிவில் இசைவு பெற வேண்டும். 18 அகவைக்குக் குறைந்தவருக்குப் பெற்றோர் அல்லது சட்டப்படியான காப்பாளரின் இசைவு தேவை.
சோதனையால் தீங்கு நேர்ந்தால் மருத்துவமும் இழப்பீடும் வழங்கப்பட வேண்டும்.

சேலம், நாமக்கல் சமவெளியில் கருதத்தக்கவை

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986 முதல் இயங்கி வருகின்றது. நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறந்து வைக்கப்பட்டது. இவ்வட்டாரத்தின் இயல்புகள் சில, இத்தகைய சோதனைகளைத் திட்டமிடுவோர் கருத வேண்டியவையாகும்.

தோல் நிறம்: கிளாஸ்கோடெரோன் ஆய்வுகளில் பங்கேற்றோரில் பெரும்பான்மையினர் வெள்ளையர். மாநிறத்திலும் கருநிறத்திலும் பருவின் சிவப்பு எளிதில் புலப்படுவதில்லை. பரு ஆறிய பின் பல மாதங்கள் நிற்கும் கருந்தழும்பே இங்கு நோயாளியின் பெருங்கவலையாக உள்ளது. பருக்களை எண்ணுவதோடு நிற்கும் அளவீடு இதனைப் பதிவு செய்வதில்லை.

வெப்பம்: கிளாஸ்கோடெரோன் களிம்பு மருந்தகத்தில் 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்கப்பட வேண்டும், நோயாளியின் கையில் 20 முதல் 25 பாகையில் வைக்கப்பட வேண்டும். கோடையில் 38 பாகையைத் தாண்டும் இச்சமவெளியில் ஓட்டுக் கூரையின் கீழ் வைக்கப்படும் களிம்பு அதே தன்மையுடன் இருக்கும் என்று கொள்வதற்கில்லை. வியர்வையும் மருந்து உறிஞ்சப்படும் அளவை மாற்றக்கூடும்.

தொழில்: சரக்குந்து ஓட்டுநர்களும், திருச்செங்கோட்டிலிருந்து பிற மாநிலங்களுக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டச் செல்லும் ரிக் வண்டித் தொழிலாளர்களும் பல வாரங்கள் வீடு திரும்புவதில்லை. 12 முதல் 24 வாரங்கள் வரை தொடர்ந்து வர வேண்டிய ஆய்வில் இத்தகையோர் இடையில் விடுபடுவர். விடுபட்டோரைக் கணக்கில் கொள்ளாவிடில் முடிவு திரிந்துவிடும்.

மாணவர்கள்: நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு பகுதிகளில் விடுதியுடன் கூடிய மேனிலைப் பள்ளிகள் பல உள்ளன. முகப்பரு மிகுந்து காணப்படும் அகவையினர் இங்கு பெருந்தொகையில் வாழ்கின்றனர். பெற்றோர் வெளியூரில் இருப்பதால் அவர்களின் இசைவை முறையாகப் பெறுவது கடினமாகும். விடுதிக் காப்பாளரின் கையொப்பம் பெற்றோர் இசைவுக்கு மாற்றாகாது. ஒரே அறையில் தங்குவோர் களிம்பைப் பகிர்ந்து கொண்டால் இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடும் மறைந்துவிடும்.

சோதிக்கப்படாத களிம்புகள்

முறையான சோதனைகளின் தேவையை இசுடீராய்டு களிம்புகளின் வரலாறு உணர்த்துகின்றது. இவை இயக்குநீர்த் தடுப்பிகள் அல்ல. மாறாக, அண்ணீரக இயக்குநீரை ஒத்தவை. முகப்பருவுக்கும் நிறம் வெளுக்கவும் இவற்றை மருத்துவர் சீட்டின்றி வாங்கிப் பூசும் வழக்கம் இந்தியா முழுவதும் பரவியது. தொடக்கத்தில் சிவப்பு விரைந்து அடங்குவதால் மருந்து வேலை செய்வதாகவே தோன்றும். பின்னர் தோல் மெலிதல், குருதி நாளங்கள் வெளித்தெரிதல், முகத்தில் முடி வளர்தல், புதிய பருக்கள், நிறுத்தினால் எரிச்சல் ஆகியவை தோன்றும். 2011 இல் வெளியான இந்தியப் பல்மைய ஆய்வில், முகத் தோல் நோய்களுடன் வந்த 2,926 பேரில் 433 பேர், அதாவது 14.8% பேர், இக்களிம்புகளைப் பயன்படுத்தி வந்தனர். 2018 மார்ச்சில் 14 இசுடீராய்டுகளின் மேற்பூச்சு வடிவங்கள் மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத அட்டவணை எச் பட்டியலில் கொண்டுவரப்பட்டன.

இரு வாரங்களில் தெரியும் மாற்றத்தை வைத்து மட்டும் ஒரு களிம்பை மதிப்பிட இயலாது என்பதற்கு இது சான்றாகும். மருந்தால் நேரும் பக்கவிளைவுகளை இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் நோயாளிகளே தெரிவிக்கலாம்.

இவற்றையும் பார்க்க

முகப்பரு
ஆண்வகை வழுக்கை
டெஸ்டோஸ்டிரோன்
மருந்துப்போலி
மஞ்சள்